நோய் அறிந்த மனம்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் இளைஞர்க்கு ஏற்றதுதானா என்று சிலர் ஐயுறலாம். முழுதும் குணப்படுத்த இயலாத அளவிற்குப் புற்றுநோய் பரவிவிட்டது என்று அறிந்த ஒருவர், அந்த அறிவோடு நாள்களை எவ்வாறு கழிக்கிறார், அவர் மனம் என்ன பாடு படுகிறது, அதற்கு எது துணையாகிறது என்பதே அப்பொருள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் என்ற முறையில், இஃது இளைஞர்க்கு உரிய பொருளே என்று துணிந்து கூறுவேன். வீட்டுப் பாடம் எழுதாமல் வந்து, காரணம் கேட்டால் வாய் திறவாமல் நிற்கும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். விசாரித்துப் பார்த்தால், அவர்களுள் சிலர் வீட்டில் தாய்க்கோ தந்தைக்கோ பாட்டிக்கோ பெருநோய் வந்திருக்கும். பெரியவர்கள் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். பிள்ளையும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டான். ஆனால், அடுக்களையில் தாழ்ந்த குரலில் நடந்த பேச்சு அவன் காதில் விழுந்திருக்கும். அத்தகைய மாணவரை எண்ணியே இப்பேச்சை அமைத்துக்கொண்டேன். நான் மருத்துவன் அல்லன். படித்தும் பழகியும் அறிந்தவற்றையே கூறுகிறேன்.

முதலில் 'முற்றிய நிலை' என்பதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். புற்றுநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் கொண்டு மருத்துவர்கள் அதனைப் பெரும்பாலும் நான்கு நிலைகளாகப் பிரிப்பர். தோன்றிய உறுப்பைக் கடந்து, தொலைவிலுள்ள ஈரல், நுரையீரல், எலும்பு போன்றவற்றில் அது குடியேறிவிட்டால் அது நான்காம் நிலை. பெரும்பாலான புற்றுநோய்கள் இந்நிலையை அடைந்தபின் அவற்றை வேரோடு அகற்ற இயலுவதில்லை. நோயை அடக்கி வைத்தல், வளர்ச்சியைத் தாமதப்படுத்தல், துன்பத்தைத் தணித்தல் ஆகியவையே அப்பொழுது மருத்துவத்தின் நோக்கங்களாகின்றன. எனினும், இந்நிலையில் உள்ளவர் அனைவரும் நாளையே இறந்துவிடுவர் என்று எண்ணுவது தவறு. சிலர் சில மாதங்கள் வாழ்கின்றனர். சில வகை நோய்களில், இன்றைய மருந்துகளின் உதவியால், ஆண்டுக்கணக்கில் வாழ்வோரும் உண்டு. ஆகவே, மனத்தின் வேலை ஒரு நாளில் முடிவதன்று. நெடுநாள் அந்த அறிவோடு உண்டு, உறங்கி, பேசி, பழக வேண்டியிருக்கிறது.

இச்செய்தியைக் கேட்ட முதல் நாளில் மனம் மரத்துப் போகிறது. மருத்துவர் 'புற்றுநோய்' என்ற சொல்லைச் சொன்னபின், அவர் கூறிய மற்றவற்றுள் பல காதில் ஏறுவதே இல்லை என்று நோயாளர் பலரும் கூறுவர். அஃது அறிவுக் குறைவு அன்று. வெள்ளத்தில் அகப்பட்டவனிடம் ஆற்றின் நீளத்தையும் அகலத்தையும் எடுத்துரைத்தால் அவன் எவ்வாறு கேட்பான்? இதனாலேயே, மருத்துவரைக் காணச் செல்லும்போது உடன் ஒருவர் செல்லுவதும், கேட்க வேண்டியவற்றை முன்னதாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவதும், சொல்லப்பட்டவற்றைக் குறித்துக்கொள்ளுவதும் நல்லன. கல்லூரியில் பாடக் குறிப்பு எடுத்துப் பழகிய மகனோ மகளோ இந்த வேலையைச் செவ்வனே செய்யலாம்.

அதன் பின் என்ன நிகழ்கிறது? எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர், சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர், சிக்காகோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் இறக்கும் நிலையிலிருந்த நோயாளர் பலரோடு அமர்ந்து உரையாடினார். தாம் கண்டவற்றை 1969-இல் ஒரு நூலாக வெளியிட்டார். மறுத்தல், சினத்தல், பேரம் பேசுதல், சோர்தல், ஏற்றல் என ஐந்து மனநிலைகளை அவர் அதில் எடுத்துக் காட்டினார். சாகப் போகிறவரிடமே சாவைப் பற்றிக் கேட்கலாம், அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று உலகிற்கு உணர்த்தியது அவருடைய பெருந்தொண்டு. ஆனால், பின்வந்தோர் அவ்வைந்தையும் ஐந்து வகுப்புகளாகவே ஆக்கிவிட்டனர். முதல் வகுப்பில் தேறினால் இரண்டாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பில் தேறினால் அமைதி என்பது போல ஒரு கருத்துப் பரவிவிட்டது. எதையும் பாடத்திட்டம் போல வரிசைப்படுத்திவிட வேண்டும் என்ற ஆசை எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு மட்டுமே உரியதன்று போலும்! மனிதர் மனம் அவ்வரிசையில் செல்வதில்லை. அவ்வம்மையாரும் தம் இறுதிக் காலத்து எழுத்தில், அந்நிலைகளைக் கட்டுக் கோப்பான வரிசையாகக் கொள்ளுதல் தம் கருத்தன்று என்று தெளிவுபடுத்தினார்.

உண்மையில் அம்மனம் தறியில் ஓடும் நாடாவைப் போல இங்கும் அங்கும் போய்வருகிறது. காலையில் தம் முடிவைப் பற்றித் தெளிவாகப் பேசியவர், மாலையில் மூன்று ஆண்டுகளுக்குப் பின் கட்டப் போகும் மாடியறையைப் பற்றித் திட்டமிடுவார். கேட்பவர்க்கு வியப்பாக இருக்கும். 'இவர்க்கு உண்மை தெரியுமா, தெரியாதா?' என்று குழம்புவர். ஏவரி வைஸ்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், தெரிந்திருத்தலுக்கும் தெரியாதிருத்தலுக்கும் இடைப்பட்ட இந்நிலையை ஓர் 'இடையறிவு' என்று குறித்தார். அது பொய்யன்று, பேதைமையும் அன்று. கதிரவனை இமைக்காமல் எவராலும் பார்த்துக்கொண்டிருக்க இயலாதது போலவே, தன் முடிவையும் ஒருவர் இடையிடையே பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்கிறார். அவர் மாடியறையைப் பற்றிப் பேசும்போது, "அதெல்லாம் எங்கே நடக்கப் போகிறது?" என்று திருத்துவது தேவையில்லாத வேலை. மறுநாள் அவர் முடிவைப் பற்றிப் பேசும்போது, "அபசகுனமாகப் பேசாதீர்கள்" என்று வாயை அடைப்பது அதனினும் தேவையில்லாத வேலை.

இனி, என் கருத்தில் இப்பொருளின் நடு நாயகமான செய்திக்கு வருகிறேன். நம் நாட்டில் இன்றும் பல வீடுகளில் நிகழ்வது யாது? மருத்துவர் நோயாளரை வெளியே அமரச் செய்து, மகனை மட்டும் உள்ளே அழைக்கிறார். அல்லது மகனே முந்திக்கொண்டு, "அப்பாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர், தாங்கமாட்டார்" என்று வேண்டுகிறான். அன்று முதல் அவ்வீட்டில் ஒரு நாடகம் தொடங்குகிறது. இது நமக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ண வேண்டா. மேல்நாடுகளிலும் ஒரு காலத்தில் இவ்வாறே இருந்தது. ருசிய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இல்யிச்சின் மரணம்' என்ற கதையில், நோயுற்றவனை நோயைக் காட்டிலும் மிகுதியாக வாட்டுவது, சுற்றியுள்ளோர் அனைவரும் அவன் சாகப் போவதில்லை என்பது போல நடிக்கும் பொய்யேயாம். அவனுக்கு ஆறுதலாக இருப்பவன் நடிக்காத ஓர் ஏவலாள் ஒருவனே.

பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து மருத்துவமனைகளில் இதனை நேரில் ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் எழுதினர். இறக்கும் நிலையிலுள்ளவரைச் சுற்றி நான்கு வகையான சூழ்நிலைகள் அமைவதை அவர்கள் கண்டனர். பிறர் அறிந்திருக்க, நோயாளர் மட்டும் அறியாதிருப்பது ஒன்று. நோயாளர் ஐயுற்றுத் துருவ, பிறர் மறைப்பது மற்றொன்று. இரு சாராரும் அறிந்திருந்தும், அறியாதவர் போல ஒருவர் முன் ஒருவர் நடிப்பது மூன்றாவது. அறிந்ததை மறையாமல் பேசிக்கொள்ளுவது நான்காவது. இவற்றுள் மூன்றாவதே மிகவும் கொடியது என்பது என் எண்ணம். அறியாமையிலாவது ஒருவகை அமைதி உண்டு. இரு பக்கமும் அறிந்து நடிக்கும் வீட்டிலோ ஒவ்வொருவரும் தனித்தனியே தம் அறையில் அழுகின்றனர். சேர்ந்து அழுவதற்கு வழியில்லை.

எனக்கு மூத்தவரும், எங்கள் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவருமான நண்பர் ஒருவர்க்கு 2012-இல் இரைப்பையில் புற்றுநோய் கண்டு, அது ஈரலுக்கும் பரவியிருப்பது தெரியவந்தது. 'வயிற்றில் புண்' என்றே அவர் மகன் அவரிடம் சொல்லியிருந்தான். "தம்பி, வாயிலில் புற்றுநோய்ப் பிரிவு என்று முழ நீளத்திற்குப் பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் அல்சர் என்கிறான். நான் என்ன எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனா?" என்று அவர் என்னிடம் சிரித்தவாறே கேட்டார். மகன் மனம் நோகக்கூடாது என்று, தாமும் மூன்று வாரங்கள் அல்சர்காரராகவே நடித்தாராம். ஒருநாள் மாலை அவர் தம் மனைவியாரை அழைத்து, "அந்தப் பச்சைக் கோப்பை எடு, குடும்ப ஓய்வூதியத் தாளில் உன் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்" என்றார். அவ்வம்மையார் கோப்பை எடுக்கவில்லை, அருகில் அமர்ந்துவிட்டார். இருவரும் நெடுநேரம் அழுதனர். பிறகு கோப்பையும் எடுத்துப் பார்த்தனர். பிறந்த தேதி தவறாகவே இருந்ததாம்! "மூன்று வாரம் கழித்து அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள்" என்று அவர் எனக்குச் சொன்னார்.

இதனால், உண்மையை எவரிடமும் எப்பொழுதும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. சிலர் அறிய விரும்புவதில்லை. "எல்லாவற்றையும் என் மகளிடம் சொல்லுங்கள்; எனக்கு வேண்டா" என்று சொல்லும் உரிமையும் நோயாளர்க்கு உண்டு. ஆனால், அம்முடிவை அவர் எடுக்க வேண்டுமேயன்றி அவர்க்காகப் பிறர் எடுத்தல் கூடாது. நன்கு பயின்ற மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாளுகின்றனர். "உங்கள் உடல்நிலையைப் பற்றி நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று முதலில் வினவுகின்றனர். விடையைக் கேட்டு, அந்த அளவிற்கே சொல்லி, மிகுதியை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்கின்றனர். மாணவர் என்ன கேள்வி கேட்கிறார் என்பதை அறிந்து பாடம் நடத்துவது போன்றதே இதுவும்.

எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'இன்னும் எத்தனை காலம்?' என்ற கேள்வி எழாத மனம் இல்லை. நம் கணித ஆசிரியர் மருத்துவரிடம் அதை நேரே கேட்டார். "இத்தகைய நோயாளர்களுக்கு ஏறத்தாழப் பத்து மாதம் என்று நூல்கள் கூறுகின்றன" என்றார் மருத்துவர். "டாக்டர், அது சராசரியா, இடைநிலையா?" என்று கேட்டாராம் இவர். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

அக்கேள்வியில் பெரும்பொருள் அடங்கியிருக்கிறது. மாணவர்களே, நீங்கள் புள்ளியியலில் படிக்கும் இடைநிலை என்பது, மதிப்புகளை ஏறுவரிசையில் வைத்தால் நட்ட நடுவில் நிற்கும் எண். இடைநிலை பத்து மாதம் என்றால், பாதிப் பேர் பத்து மாதத்திற்குள் இறந்தனர், பாதிப் பேர் அதற்குமேல் வாழ்ந்தனர் என்பதே பொருள். ஒவ்வொருவர்க்கும் பத்து மாதம் அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதன்று. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற புகழ் பெற்ற தொல்லுயிரியல் பேராசிரியர்க்கு 1982-இல், அவருடைய நாற்பதாம் வயதில், வயிற்று உட்சவ்வில் ஓர் அரிய கொடிய புற்றுநோய் தோன்றியது. அவர் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவ நூலகத்திற்குச் சென்று தேடியபோது, நோய் கண்டபின் வாழும் காலத்தின் இடைநிலை எட்டு மாதம் என்று இருக்கக் கண்டு திகைத்து அமர்ந்துவிட்டார். சற்று நேரத்தில் அவருடைய அறிவியல் பயிற்சி விழித்துக்கொண்டது. இடைநிலைக்கு இடப்பக்கம் எட்டு மாதத்திற்குமேல் இடமில்லை. வலப்பக்கமோ ஆண்டுக்கணக்கில் நீளக் கூடியது. தாம் இளவயதினர், நல்ல மருத்துவம் கிடைக்கிறது, நோய் ஓரளவு முன்னரே கண்டறியப்பட்டது. ஆகவே தாம் அந்த நீண்ட வலப்பக்கத்தில் நிற்கக் கூடும் என்று அவர் கணக்கிட்டார். இதனை 1985-இல் ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அவர் 2002 வரை வாழ்ந்து, வேறொரு புற்றுநோயால் மறைந்தார்.

எங்கள் கணித ஆசிரியர் பதினொரு மாதம் வாழ்ந்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. கூல்டின் கதையைக் கேட்போர் பலர், 'கணக்கை நம்பாதே, நம்பிக்கை வை, இருபதாண்டு வாழ்வாய்' என்று அதற்குப் பொருள் கொள்கின்றனர். அது சரியான வாசிப்பன்று. எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று அறிந்ததனால் அவ்விருவர்க்கும் மூச்சு விட ஓர் இடம் கிடைத்தது. நாள்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இட்டுக்கொண்டு வாழ வேண்டிய தேவை நீங்கியது. ஒருவர்க்கு அந்த இடம் நீண்டதாக இருந்தது. மற்றவர்க்குச் சிறியதாக இருந்தது. இருவரும் அதில் வாழ்ந்தனர்.

நோய் கேட்க வருவோரைப் பற்றிச் சிறிது கூறாமல் இருக்க முடியவில்லை. ஆப்பிள் பழமும் ஹார்லிக்ஸ் புட்டியும் கொண்டு வருகின்றனர். அவற்றோடு அறிவுரையும் கொண்டு வருகின்றனர். ஒருவர் முன்வினை என்பார். மற்றொருவர் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் ஒரு வேர் கிடைக்கிறது, ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு அதைத் தின்ன வேண்டும் என்பார். அவர் பேச்சைக் கேட்டுப் பணத்தையும் கிடைத்திருக்கக் கூடிய நல்ல நாள்களையும் இழந்த குடும்பங்கள் உண்டு. சில வீடுகளில் நோயாளரின் தட்டையும் தம்ளரையும் தனியே வைத்துவிடுகின்றனர். புற்றுநோய் தொட்டால் ஒட்டிக்கொள்வதன்று. உடன் உண்பதாலும் உடன் உறங்குவதாலும் அது பரவாது. தனித் தம்ளர் நோயாளர் மனத்தில் உண்டாக்கும் புண்ணுக்கு மருந்து தேடுவது கடினம்.

இவர்கள் எல்லாரினும் நல்லெண்ணம் உடையவர், "தைரியமாக இருங்கள், மனத்தை உற்சாகமாக வைத்துக்கொண்டால் நோய் ஓடிவிடும்" என்று சொல்லுபவர். அவர் சொல்லே சில வேளைகளில் பெருஞ்சுமையாகிவிடுகிறது. ஏனெனில், நோயாளர் ஒரு நாள் சோர்ந்து அழுதால், அழுததனாலேயே நோய் வளர்ந்துவிட்டது என்று தம்மைத் தாமே பழித்துக்கொள்கிறார். தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் கண்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மனநிலை நன்றாக இருந்தவர் மிகுதியாக வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மனத்தைப் பேணுவது வீண் என்பது இதன் பொருளன்று. வாழும் நாள்கள் நன்றாக அமைவதற்கு மனத்தைப் பேண வேண்டும். ஆனால், அழுகை ஒருவரைக் கொன்றுவிடாது. இதை அறிந்த நோயாளர்க்கு அழுவதற்கும் உரிமை கிடைக்கிறது. அழுது முடித்தபின் காப்பி குடிப்பதற்கும் மனம் வருகிறது.

உடல் வலியைத் தணிக்காமல் மன வலியைப் பற்றிப் பேசுவது பயனற்றது. இதனை உலகிற்குக் கற்பித்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கில அம்மையார். அவர் முதலில் செவிலியாகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். 1948-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், வார்சாவிலிருந்து வந்து குடியேறியிருந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். நாற்பது வயது, சுற்றம் அருகில் இல்லை, வாழ்நாளில் எதையும் செய்து முடிக்கவில்லையே என்ற ஏக்கம். அம்மையார் அவரைப் பலமுறை கண்டு உரையாடினார். இத்தகையோர்க்கென்று ஓர் இல்லம் அமைக்க வேண்டும் என்ற பேச்சு அவர்களிடையே எழுந்தது. அவ்வில்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருக்க விரும்புவதாகக் கூறி, டாஸ்மா தம்மிடமிருந்த 500 பவுனை எழுதிவைத்து மறைந்தார். அம்மையார் அதன்பின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தம் முப்பத்தொன்பதாம் வயதையொட்டி, 1957-இல் மருத்துவரானார். 1967-இல் லண்டனின் தென்பகுதியில் புனித கிறிஸ்டபர் இல்லம் திறக்கப்பட்டது. அந்தச் சன்னல் அங்கே இருக்கிறது.

அவர் கூறியது 'முழு வலி' என்னும் கருத்து. உடல் நோவு, மனத் துயர், குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, 'எனக்கு ஏன் இது?' என்ற ஆன்ம வேதனை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றைத் தணிக்க முடியாது. வலி வந்து நோயாளர் கதறியபின் மருந்து கொடுப்பதை விட, மணிக்கணக்கு வைத்து வலி தலைகாட்டுமுன்னரே மார்ஃபின் கொடுப்பது சிறந்தது என்று அவர் காட்டினார். வலி வரும் என்ற அச்சமே பாதி வலி அல்லவா? நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் கடுமையால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிவிட்டது. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டுச் சற்று வழி பிறந்தது. மருத்துவர் மேற்பார்வையில் புற்றுநோய் வலிக்குத் தரப்படும் மார்ஃபினுக்கு நோயாளர் அடிமையாவது அரிது. இதனை வீட்டிலுள்ளோர் அறிந்திருப்பது நல்லது. 'போதை மருந்து' என்று அஞ்சி மாத்திரையை ஒளித்து வைப்போரும் இருக்கின்றனர்.

நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலத்தில், 1954-இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். தணிப்பு மருத்துவத்தில் வழிகாட்டியது அண்டை மாநிலமாகிய கேரளம். 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் சிலர் தொடங்கிய சங்கம், அயலாரும் தொண்டர்களும் நோயாளர் வீட்டிற்கே செல்லும் பேரியக்கமாக வளர்ந்தது; 2008-இல் அம்மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. கல்லூரி மாணவர்களும் அத்தொண்டில் பங்கு பெறுகின்றனர்.

'தணிப்பு மருத்துவம்' என்ற பெயரைக் கேட்டவுடன், கைவிட்டுவிட்டார்கள் என்று நோயாளரும் உறவினரும் கலங்குவர். 2010-இல் பாஸ்டன் நகரில் வெளியான ஆய்வு ஒன்று இவர்கள் அச்சத்தைப் போக்கத் தக்கது. பரவிய நுரையீரல் புற்றுநோய் கண்ட 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவத்தோடு தொடக்கத்திலிருந்தே தணிப்பு மருத்துவமும் அளித்தனர். அப்பிரிவினர் மனச் சோர்வு குறைந்து காணப்பட்டனர். அதுமட்டுமன்று, அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை 11.6 மாதம், மற்றவர்க்கு 8.9 மாதம். இடைநிலை என்றால் என்ன என்று இப்பொழுது உங்களுக்குத் தெரியும்.

துயரத்திற்கும் மனச்சோர்வு நோய்க்கும் வேறுபாடு உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். துயரம் அலை போல் வந்து போகும். இடையே பேரப் பிள்ளையைக் கண்டால் சிரிப்பு வரும். இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாள் முழுதும், எதிலும் விருப்பமின்றி, தம்மைப் பயனற்றவர் என்று பழித்துக்கொண்டு, சாவை விரும்பிப் பேசத் தொடங்கினால் அது நோய். உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். 'புற்றுநோய் வந்தவர் இப்படித்தான் இருப்பார்' என்று விட்டுவிடுதல் கூடாது. முற்றிய நிலையிலும் அதற்குப் பேச்சாலும் மருந்தாலும் சிகிச்சை உண்டு.

எங்கள் கணித ஆசிரியர் தமக்கென ஒரு முறை வகுத்துக்கொண்டிருந்தார். மாலை ஐந்து மணி முதல் ஐந்தரை வரை நோயைப் பற்றிய பேச்சு, கவலை, கணக்கு எல்லாம் நடக்கும். "அதற்கு ஒரு பீரியட் ஒதுக்கிவிட்டேன், தம்பி. மற்ற வகுப்பில் அது நுழைந்தால் வெளியே நிற்க வைத்துவிடுவேன்" என்பார். இரவில் மட்டும் அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஸ்கேன் எடுக்கும் நாளுக்கு முந்திய இரவு அவர் உறங்கியதே இல்லை. அவ்விரவுகளில் அவர் மகன் அருகில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டான், பேசவில்லை.

அவருடைய நம்பிக்கை உருமாறிக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். முதலில், மருந்து கட்டியைக் கரைத்துவிட வேண்டும் என்று விரும்பினார். அது நடவாது என்று தெரிந்தபின், தீபாவளி வரை இருக்க வேண்டும் என்றார். பிறகு, திண்ணையில் காலை வெயிலில் வலியின்றி அரை மணி உட்கார வேண்டும் என்றார். ஒன்று தேய்ந்தபோது மற்றொன்று தோன்றியது. எட்டாம் வகுப்பில் படித்த அவர் பெயர்த்தி, அவர் இளமையைப் பற்றிச் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிவந்தாள். கனடாவில் ஹார்வி சாச்சினாவ் என்ற மனநல மருத்துவர், இறுதிக் காலத்து நோயாளரைத் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் செய்து, அதனை எழுத்தாக்கி அவர்களிடமே அளிக்கும் முறையை 2005-இல் ஆராய்ந்து வெளியிட்டார். பெரும்பாலோர் அதனால் நிறைவு அடைந்தனர். பெயர்த்திக்கு அம்மருத்துவரைத் தெரியாது. மடக்கை அட்டவணை வாங்கப் பணமில்லாமல் தாத்தா அதைக் கையால் படி எடுத்த கதை அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இந்நிலையிலுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில சொல்ல வேண்டும். நோய் உங்களால் வந்ததன்று. நீங்கள் சண்டையிட்டதாலோ மதிப்பெண் குறைந்ததாலோ எவர்க்கும் புற்றுநோய் வருவதில்லை. நோயாளர் உங்கள்மேல் காரணமின்றிச் சினந்தால், நெருங்கியவர்மேல்தான் அச்சினம் விழுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியதைத் தாயிடமோ தந்தையிடமோ கேளுங்கள். அவர்களும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் காத்திருப்பர். அருகில் அமரும்போது ஆறுதல் மொழி தேடி வருந்த வேண்டா. "இன்று என்ன செய்யட்டும்?" என்று கேட்கலாம், நாளேட்டைப் படித்துக் காட்டலாம், காலைப் பிடித்துவிடலாம், ஒன்றும் பேசாமல் அமர்ந்து உங்கள் பாடத்தையே படிக்கலாம். நண்பரோடு விளையாடச் சென்று அங்கே வாய்விட்டுச் சிரித்துவிட்டால், அதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்ளாதீர்கள். வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் தனியே சென்று, வீட்டில் இவ்வாறு இருக்கிறது என்று இரண்டு வாக்கியம் சொல்லிவையுங்கள். வீட்டுப் பாடம் ஏன் எழுதவில்லை என்று வகுப்பின் நடுவே அவர் உங்களைக் கேட்கமாட்டார்.